டிரையரின் 'வார்த்தை': கோப்பன்ஹேகன் திரையரங்கிலும் படக்காப்பகத்திலும் எழுந்த சிந்தனைகள்

டென்மார்க் நாட்டின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில், நகர்மன்றச் சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் டாக்மார் இல்லம் என்னும் பெரிய அலுவலகக் கட்டடம் நிற்கிறது. பழைய நாடக அரங்கு ஒன்றை இடித்துவிட்டு, அதன் இடத்தில் 1930களின் பிற்பகுதியில் எழுப்பப்பட்டது அது. நாடக அரங்கின் பெயர் கட்டடத்துக்கும் வந்தது. கட்டடத்துக்குள் அமைந்த திரையரங்குக்கும் வந்தது. டாக்மார் தியேட்டர் என்னும் அத்திரையரங்கின் முன் நாம் ஒரு மாலைவேளையில் நின்றபோது, உள்ளே என்ன படம் ஓடுகிறது என்று அறியும் ஆவலைவிட, வெளியே நின்று மேல்மாடிகளை அண்ணாந்து பார்க்கும் ஆவலே நமக்கு மிகுதியாக இருந்தது.

1940 ஏப்ரல் 9ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் டென்மார்க்கைக் கைப்பற்றின. 1945 மே மாதம் வரை நீடித்த அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில் இக்கட்டடம் ஜெர்மானிய அதிகாரத்தின் தலைமையிடமாக விளங்கிற்று. நாத்சி அரசின் பேராளராகிய வெர்னர் பெஸ்ட் என்பவரின் அலுவலகம் இங்கே இருந்தது. கெஸ்டபோ என்னும் இரகசியக் காவற்படையும் இங்கே இடம்பெற்றிருந்தது. 1944 சனவரி 4ஆம் நாள் இரவு, மேற்குக் கடற்கரையை அடுத்த வெடர்சோ என்னும் சிற்றூரின் போதகர் இல்லத்துக்குக் கெஸ்டபோவின் ஆட்கள் வந்தனர். அவ்வூரின் போதகரும் நாடறிந்த நாடகாசிரியருமாகிய காய் முங்க் என்பவரைக் கூட்டிச் சென்றனர். சில்கபோர்க் நகருக்கு அருகே, சாலையோரத்தில், அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது.

பதினொரு ஆண்டுகள் சென்றபின், 1955 சனவரி 10ஆம் நாள், அதே டாக்மார் இல்லத்தின் திரையரங்கில், கொலையுண்ட அந்தப் போதகரின் நாடகம் ஒன்று திரைப்படமாக முதன்முதல் காட்டப்பட்டது. அதன் பெயர் 'வார்த்தை'. இயக்கியவர் கார்ல் தியோடர் டிரையர். 1952 முதல் 1968இல் தாம் இறக்கும் வரை அந்தத் திரையரங்கை நடத்திவந்தவரும் அவரே. அக்காலத்தில் அந்நாட்டில் திரையரங்கு நடத்துவதற்கு அரசின் உரிமம் வேண்டியிருந்தது. கலைக்கு உழைத்துக் கையில் காசில்லாதவர்களுக்கு, பிழைப்புக்கு ஒரு வழியாக, அவ்வுரிமம் அளிக்கப்படுவதுண்டு. உலகத் திரைக்கலையின் மேதைகளுள் ஒருவர் என்று இன்று போற்றப்படுபவர், பிறர் எடுத்த படங்களைத் தெரிந்தெடுத்துக் காட்டி வாழ்க்கை நடத்தினார்.

கொலைஞர் குடியிருந்த மனையில் கொல்லப்பட்டவரின் 'வார்த்தை' ஒலித்தது என்று சொல்லிப் பிரசங்கம் செய்யப் போதகர் எவருக்கும் ஆசை எழும். நமக்கும் எழுந்தது. ஆனால் ஒரு படத்தைச் சூழ்ந்த வரலாற்றைக் கொண்டு பிரசங்கிப்பது எளிது. படத்தின்முன் உட்கார்ந்து அது நம்மைக் கேட்கும் கேள்விக்கு விடை தேடுவது கடினம். மேலும், முங்க் என்பவர் தொடக்கமுதல் தெளிந்த தீர்க்கதரிசியாக இருந்தவர் அல்லர். 1930களில் அவர் முசோலினியையும், ஓரளவு ஹிட்லரையும், வலிமை மிக்க தலைவர்கள் என்று வியந்தவர். மக்களாட்சியின் வளவளப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. யூதர்கள் துன்புறுத்தப்படுவதைக் கண்டு 1938இல் முசோலினிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆக்கிரமிப்பு வந்தபோது, பிரசங்க பீடத்திலிருந்தும் நாடகமேடையிலிருந்தும் அதை எதிர்த்துப் பேசி உயிரை இழந்தார். இரத்தசாட்சி என்று அவரை நினைவுகூருகிறவர்கள் முதற்பகுதியை மறைத்துவிடுதல் நேர்மையாகாது.

டாக்மார் தியேட்டரிலிருந்து சற்று நேரம் நடந்தால் கோதர்ஸ்காட என்னும் தெருவை அடையலாம். அரசர் பூங்காவுக்கு எதிரே, டேனிஷ் திரைப்பட நிறுவனத்தின் 'படவீடு' இருக்கிறது. அதன் மூன்று அரங்குகளுக்கும் கார்ல், பெஞ்சமின், ஆஸ்டா என்று பெயர். டிரையர், பெஞ்சமின் கிறிஸ்டன்சன், நடிகை ஆஸ்டா நீல்சன் ஆகிய மூவரின் முதற்பெயர்கள் அவை. வீட்டாரை அழைப்பதுபோல் அழைக்கிறார்கள். இந்நிறுவனத்தோடு 1997இல் இணைக்கப்பட்ட டேனிஷ் திரைப்பட அருங்காட்சியகம் 1941இல் தொடங்கப்பட்டது. அதாவது, நாடு அயலார் கையில் இருந்த காலத்தில். உணவுக்குப் பங்கீட்டுச் சீட்டு வழங்கிய நாட்களில், பழைய படச்சுருள்களைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றியிருக்கிறது. டிரையரின் கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் இப்போது இங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன.

படக்காப்பகம் என்பது நூலகத்தைப் போன்றதன்று என்பதை அங்கே சென்றபோதுதான் உணர்ந்தோம். புத்தகம் நூறாண்டு அலமாரியில் கிடந்தாலும் பெரும்பாலும் புத்தகமாகவே இருக்கும். படச்சுருளோ பெட்டிக்குள்ளேயே மரிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பற்றினால் நீர் ஊற்றியும் அணைவதில்லை. தீப்பற்றாவிட்டாலும் நாளடைவில் பிசுபிசுத்து, ஒட்டிக்கொண்டு, கடைசியில் பழுப்புத் தூளாக உதிர்ந்துவிடும். பின்னர் வந்த அசிட்டேட் சுருளோ புளிக்காடியின் நாற்றத்தோடு சுருங்கும். ஆகவே அவற்றைக் குளிரூட்டிய அறைகளில், உலர்ந்த காற்றில், நகரத்துக்கு வெளியே வைத்துக் காக்கிறார்கள். அழிவை நிறுத்த அவர்களால் இயலாது, தாமதப்படுத்தத்தான் இயலும். அதைத் தெரிந்தே அவ்வேலையைச் செய்கிறார்கள்.

டிரையரின் மற்றொரு படத்துக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். 'ஜோன் ஆப் ஆர்க்கின் பாடுகள்' என்னும் மௌனப்படத்தை அவர் பிரான்சில் எடுத்தார். 1928 ஏப்ரலில் அது கோப்பன்ஹேகனில் முதன்முதல் காட்டப்பட்டது. பிரான்சில் வெளியாகுமுன், பாரிஸ் நகரப் பேராயரின் வற்புறுத்தலாலும் அரசுத் தணிக்கையாலும் அதில் பல பகுதிகள் வெட்டப்பட்டன. சபையின் நீதிமன்றம் ஒரு பெண்ணைத் தீக்கிரையாக்கிய கதையைச் சபையின் கத்திரிக்கோலே திருத்தியது. அவ்வாண்டின் இறுதியில் பெர்லினில் நடந்த தீ விபத்தில் மூலச்சுருள் எரிந்துபோயிற்று. ஒதுக்கிவைத்த துண்டுகளைக் கொண்டு டிரையர் இரண்டாம் முறை படத்தைக் கோத்தார், அதுவும் எரிந்தது. தம் படம் முதலில் அமைந்த வடிவில் இனி உலகில் இல்லை என்றே அவர் எண்ணி 1968இல் இறந்தார். 1981இல், நார்வே நாட்டில், ஆஸ்லோவுக்கு அருகிலுள்ள டிகமார்க் மனநோய் மருத்துவமனையின் அலமாரி ஒன்றில் சில தகரப்பெட்டிகள் கிடைத்தன. அவற்றுள் இருந்தது, பேராயரின் கத்திரிக்கோல் படுவதற்கு முந்திய முதற்படி. சபை வெட்டியெறிந்ததை மனநோயாளர்களின் இல்லம் காத்து வைத்திருந்தது.

மனநோயாளனைப் பற்றிய இந்தச் செய்தியோடு 'வார்த்தை'க்கு வருவது பொருத்தமே. முங்க் இந்நாடகத்தை 1925இல் எழுதினார். 1932இல் அது மேடையேறியது. அப்போதே அதைக் கண்ட டிரையர், படமாக்குவதற்கு இருபதாண்டுகளுக்குமேல் காத்திருந்தார். இடையில், 1943இல், சுவீடனில் வேறொருவர் அதைப் படமாக்கிவிட்டார். டிரையர் தம் படத்தின் வெளிப்புறக் காட்சிகளை முங்க் ஊழியம் செய்த வெடர்சோவிலேயே எடுத்தார். மணல்மேடுகளும் கடற்காற்றில் சாயும் நாணல்களும் உலரும் துணிகளும் அந்த ஊருடையவை.

கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். போர்கன் பண்ணையின் முதியவர் மார்டன், குருண்ட்விக் என்னும் டேனிஷ் இறையியலாரின் வழியைச் சேர்ந்தவர். உலக வாழ்வைக் கடவுளின் கொடையாக மகிழ்ந்து ஏற்கிற மரபு அது. அதே ஊரில் தையற்காரர் பேத்தர், உள்நாட்டு மிஷன் இயக்கத்தின் கூட்டங்களை நடத்துபவர். மனந்திரும்புதல், பாவ உணர்வு, உலகை வெறுத்தல் என்பன அவருடைய பேச்சு. மார்டனின் இளைய மகன் ஆண்டர்ஸ் தையற்காரரின் மகள் ஆன்னாவை மணக்க விரும்புகிறான். ஒரே லூத்தரன் சபையைச் சேர்ந்த இரு தகப்பன்மாரும், 'உங்கள் விசுவாசம் வேறு, எங்கள் விசுவாசம் வேறு' என்று மறுக்கிறார்கள். மூத்த மகன் மிக்கேலுக்கு விசுவாசமே இல்லை. நடு மகன் யோகான்னஸ் இறையியல் படித்தவன்; கீர்க்ககார்டைப் படித்துப் படித்துச் சித்தம் கலங்கியவன்; தானே கிறிஸ்து என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். வீட்டைத் தாங்குபவள் மிக்கேலின் மனைவி இங்கர். அவள் பிரசவத்தில் இறக்கிறாள். அடக்க நாளில், சித்தம் தெளிந்து திரும்பிவரும் யோகான்னஸ், இங்கரின் சிறுமகளின் கையைப் பற்றிக்கொண்டு, இயேசுவின் பெயரால் அவளை எழும்பச் சொல்லுகிறான். அவள் எழும்புகிறாள்.

இவ்விரு கட்சிகளும் நமக்கு அந்நியமல்ல. 1706இல் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கு அனுப்பத் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரிகள் ஜெர்மானியப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர்கள். பிற்காலத்தில் தென் ஆற்காட்டில் உழைத்த டேனிஷ் மிஷன் சங்கத்தை டென்மார்க்கின் கிராமங்களிலே காணிக்கை தந்து தாங்கியவர்கள் தையற்காரர் பேத்தரைப் போன்ற எளிய விசுவாசிகளே. தமிழ் வேதாகமத் திருத்தத்துக்கும் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக்கும் தம் வாழ்நாளைத் தந்த லார்சன் அவர்களும் அச்சங்கத்தின் வழியாக வந்தவரே. திரையரங்கின் வாசலை மிதிப்பதே பாவம் என்று நம் முன்னோர் பலர் கற்பித்ததற்கும், சீட்டாட்டத்தையும் நடனத்தையும் நாடகத்தையும் உள்நாட்டு மிஷன் ஒறுத்ததற்கும் உறவு உண்டு. தையற்காரரின் வீட்டில் நடக்கும் சாட்சிக் கூட்டத்தைத் திரையில் கண்டபோது, நம் ஊர் வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றில் பாயில் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது. டிரையர் அவர்களைக் கேலி செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இறைப்பற்றாளரைக் காட்டும்போது கேலியையோ தேன்பூச்சையோ நாடும் படங்களே மிகுதி.

படத்தின் மையமாக நாம் கருதுவது உயிர்த்தெழும் காட்சியை அன்று. அதற்கு முன் நடந்து தோற்றுப்போகும் ஒரு காட்சியை. இங்கர் இறந்த இரவிலேயே யோகான்னஸ் அவளை எழுப்ப முயலுகிறான். அப்போது அவன் தன்னைக் கிறிஸ்துவென்று எண்ணியிருக்கிறான். வார்த்தை அவன் வாயில் இருக்கிறது, ஆற்றல் இல்லை. மயங்கி விழுகிறான், பின்னர் வீட்டைவிட்டு மறைந்துபோகிறான். கடைசிக் காட்சியில் வருபவன் வேறு யோகான்னஸ். கண்கள் தெளிந்திருக்கின்றன, குரலில் அந்த ஓலம் இல்லை. இப்போது அவன் கிறிஸ்து அல்லன். கிறிஸ்துவின் பெயரால் கேட்பவன். வார்த்தையைத் தனதாக்கிக்கொண்டவனிடம் வார்த்தை செயலற்றுக் கிடந்தது. பிறருடைய வார்த்தையை இரவல் பெற்றவனிடம் அது உயிர்தந்தது. பிரசங்க பீடத்தில் நிற்கிற நமக்கு இதைவிட அச்சந்தருகிற திரைக்காட்சி ஒன்று இருக்குமென்று நாம் எண்ணவில்லை. யோகான்னஸின் பைத்தியத்தை விசுவாசத்தின் உச்சம் என்று எழுதுகிற விமர்சகர்கள் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். டிரையர் பைத்தியத்தைப் போற்றவில்லை.

படத்தில் ஒரு போதகரும் உண்டு. ஊருக்குப் புதியவர்; பண்புள்ளவர்; நல்ல உடை அணிந்தவர். அற்புதங்களைப் பற்றிக் கேட்டால், கடவுளால் எல்லாம் கூடும், ஆயினும் இக்காலத்தில் அவர் அவ்வாறு செய்வதில்லை என்னும் கருத்துப்பட விடைசொல்கிறார். இயற்கை விதிகளைக் கடவுள் தாமே மீறமாட்டாராம். அடக்க ஆராதனையில் சொல்லவேண்டியவற்றைச் சொல்கிறார். யோகான்னஸ் சவப்பெட்டியண்டை வந்து பேசத் தொடங்கியதும், அவன் பைத்தியம் என்கிறார். உயிரைக் காக்க விரும்புவதுதான் பைத்தியமா என்று அவன் திருப்பிக் கேட்கிறான். இந்தப் போதகரைத் தீயவராகப் படைத்திருந்தால் நாம் எளிதில் தப்பித்துக்கொண்டிருப்போம். அவர் தீயவர் அல்லர். அவருடைய இறையியல் பெரும்பாலும் நாம் கல்லூரியில் கற்றதே. தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றதே. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் தாயண்டை நின்று, 'கர்த்தருடைய சித்தம்' என்று நாமும் சொல்லியிருக்கிறோம். சொல்லும்போதே அச்சொல் நம் வாயில் காய்ந்துபோனதையும் அறிந்திருக்கிறோம். திரையில் அந்தப் போதகரின் முகத்தை நாம் பார்த்த நேரமே, இங்கரின் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட அதிகம் எனலாம்.

இங்கு யோகான்னஸ் கூறும் ஒரு குற்றச்சாட்டு கவனிக்கத்தக்கது. இறந்தவளைத் திரும்பத் தரும்படி கடவுளிடம் கேட்கவேண்டும் என்று அங்கு கூடியிருந்த விசுவாசிகளுள் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பது அது. குருண்ட்விக் வழியினரும் கேட்கவில்லை; உள்நாட்டு மிஷனாரும் கேட்கவில்லை. எந்தக் கொள்கைக்காக மகனுக்கும் மகளுக்கும் மணம் மறுத்தார்களோ, அக்கொள்கை இரண்டும் சாவின்முன் ஒரேபோல் வாயடைத்து நின்றன. கேட்டது ஒரு குழந்தை மட்டுமே. அதுவும் நம்பிக்கை என்று பெயரிட்டுக் கேட்கவில்லை. மாமா சொன்னால் செய்வார் என்று, பால் கேட்பதுபோல் கேட்டது. இதற்கு முந்திய இரவில் யோகான்னஸும் அச்சிறுமியும் பேசிக்கொண்டிருக்கும்போது, படக்கருவி அவ்விருவரையும் மெல்ல மெல்லச் சுற்றிவருகிறது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட இப்படத்தில் நூற்றுச் சொச்சம் காட்சித்துண்டுகளே உண்டு. ஒவ்வொன்றும் நீண்டு நின்று நிதானமாக நகர்கிறது. விரைவுக்குப் பழகிய கண்ணுக்கு முதல் அரைமணி நேரம் சலிப்பூட்டும். அச்சலிப்பு ஆராதனையில் வரும் சலிப்பைப் போன்றது, பொறுத்திருந்தால் கழிந்துபோகும்.

சவப்பெட்டியண்டை நடக்கும் மற்றொன்றையும் சொல்லவேண்டும். அற்புதத்துக்கு முன்னரே தையற்காரர் பேத்தர் வருகிறார். தம் மகளைக் கொண்டுவந்து மார்டன் குடும்பத்திடம் ஒப்படைக்கிறார். ஒப்புரவு முதலில், உயிர்த்தெழுதல் பின்னர் என்னும் இவ்வொழுங்கைச் சில விமர்சகர்கள் கதையின் வசதிக்காக வந்தது என்று ஒதுக்குவர். காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டுச் சகோதரனோடு ஒப்புரவாகப் போகச் சொன்ன ஆண்டவரின் போதனையை (மத்தேயு 5:23, 24) அறிந்த நமக்கு அவ்வாறு ஒதுக்க இயலவில்லை.

உடலைப் பற்றி இப்படம் கொண்டுள்ள துணிவு நம் இறையியலாருக்குப் புதிது. மனைவியின் ஆன்மா கடவுளிடம் இருக்கிறது என்று தகப்பன் ஆறுதல் சொல்ல, அவளுடைய உடலையும் தான் நேசித்ததாக மிக்கேல் அழுகிறான். படம் முழுவதிலும் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்லப்படும் சொற்களுள் மிகவும் கிறிஸ்தவமானது, விசுவாசமில்லாத இந்த மகனின் அழுகையே. ஆன்மா அழியாதது என்பது கிரேக்கர் சொல்லிய செய்தி. உடல் எழுப்பப்படும் என்பதே அப்போஸ்தலருடைய செய்தி. இங்கர் கண்விழிக்கையில் வானொளி எதுவும் பாய்வதில்லை. மடித்துவைத்த விரல்கள் முதலில் அசைகின்றன. பிறகு அவள் கணவனைப் பற்றிக்கொண்டு, பசித்தவள் உண்பதுபோல் அவன் முகத்தில் வாய்வைத்து முத்தமிடுகிறாள். அடக்க ஆராதனைக்குக் கூடியிருந்தவர்கள் பார்க்கக் கூசுகின்ற முத்தம் அது. அவள் முதலில் கேட்பது குழந்தையைப் பற்றி. குழந்தை இறந்துபோயிற்று; மருத்துவர் அதைத் துண்டுதுண்டாக எடுக்கவேண்டியதாயிற்று. கடவுளிடம் உயிரோடிருப்பதாக மிக்கேல் சொல்கிறான். அவ்விடையில் அவன் விசுவாசி ஆகிறான். அந்தக் குழந்தை எழும்பவில்லை என்பதைப் படம் மறைக்கவில்லை என்பதே அந்த அற்புதத்தை நாம் ஏற்கும்படி செய்கிறது.

இங்கே ஒரு குறையும் சொல்லவேண்டும். இங்கர் நல்லவள், மிகவும் நல்லவள். ஆடவர் அனைவருடைய விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஆறவைத்துக்கொண்டு, காப்பி ஊற்றிக்கொடுத்து, மாமனாரின் மனத்தை இளக்குவதற்கு ஓர் ஆண் பேரனைப் பெற்றுத்தருவதாகவும் வாக்களிக்கிறாள். அந்த வாக்கே அவளைக் கொல்லுகிறது. அவள் உயிர்த்தெழுந்து திரும்பிவருவது அதே அடுக்களைக்குத்தான். சாவை வென்றவளுக்கு வீட்டில் என்ன மாறும் என்று படம் கேட்பதில்லை. முங்க்கும் கேட்கவில்லை. மகப்பேற்றில் தாய்மார் சாவது வெறும் கதையாக இல்லாத நாடுகளில் ஊழியம் செய்பவர்கள் இக்கேள்வியை விட்டுவிட முடியாது. ஆயினும் ஒன்றை நினைவிற்கொள்ளவேண்டும். டிரையரைப் பெற்ற தாய் யோசபினா நீல்சன், மணமாகாத சுவீடன் நாட்டுப் பணிப்பெண். பிள்ளையைப் பிறர் வளர்ப்பில் விட்டுவிட்டு, இரண்டாம் முறை கருவுற்றபோது கருவைக் கலைக்க முயன்று, 1891இல், பாஸ்பரஸ் நஞ்சால் மாண்டாள். படத்தை இயக்குநரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்குவது நம் வழக்கமன்று. எனினும், பிள்ளைப்பேற்றால் மாண்ட ஒரு பெண் எழும்பி உட்காருகிற காட்சியைக் கண்டு எழுதும்போது அதைச் சொல்லாமல் விடவும் நமக்கு மனமில்லை.

முங்க்கும் டிரையரும் பிரிகிற இடத்துக்கு வருவோம். முங்க்கின் நாடகத்தில், இங்கர் எழும்பியதும் மருத்துவர், மருத்துவர் அல்லாதார் தரும் மரணச் சான்றுகளை இனி ஒழிக்கவேண்டும் என்னும் பொருளில் முணுமுணுக்கிறார். அதாவது, அவள் உண்மையில் இறக்கவேயில்லை என்று ஐயுறுவோருக்கு ஒரு கதவைத் திறந்துவைக்கிறார் ஆசிரியர். டிரையர் அக்கதவை அடைத்துவிட்டார். அவருடைய படத்தில் இறப்பு இறப்பே, எழும்புதல் எழும்புதலே. கலை என்னும் அளவில் டிரையரின் முடிவே துணிவுள்ளது என்று எல்லாரும் சொல்வர், அது உண்மை. ஆனால் வேதாகமத்தை நினைக்கும்போது முங்க்கின் மருத்துவரை நம்மால் எளிதில் விலக்க முடியவில்லை. லாசருவின் கல்லறையண்டை நின்றவர்களுள் சிலர் விசுவாசித்தார்கள். சிலர் பரிசேயரிடம் போய் அறிவித்தார்கள் (யோவான் 11:45, 46). மரித்தோரிலிருந்து ஒருவன் எழும்பிப்போனாலும் நம்பாதவர்கள் இருப்பார்கள் என்பதையும் ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (லூக்கா 16:31). கிராமப் போதகராகிய முங்க் இதைத் தம் சபையாரிடமே கற்றிருப்பார். பார்வையாளனுக்கு ஐயுற இடமே கொடாத அற்புதம் அவனிடம் விசுவாசத்தைக் கேட்பதில்லை, வியப்பைத்தான் கேட்கிறது.

டிரையர் தம் முடிவுக்குத் துணையாக ஐன்ஸ்டீனையும் புதிய இயற்பியலையும் அழைத்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. காலமும் இடமும் பற்றிய பழைய கருத்து தளர்ந்துவிட்டபடியால் அற்புதம் இனி அறிவியலுக்குப் பகையன்று என்னும் போக்கில் அவர் எழுதியிருக்கிறார். நம் நாட்டிலும் பிரசங்கிகள் சிலர் இவ்வாறு அணுவையும் சார்பியலையும் துணைக்கு அழைப்பதுண்டு. அது தேவையற்ற ஊன்றுகோல். படத்தைப் பார்த்தவனுக்கு அதன் நினைவே வராது. இயக்குநரின் விளக்கத்தைவிட அவருடைய படக்கருவி அதிக இறையியல் அறிந்திருக்கிறது.

படவீட்டுக் காப்பகத்திலுள்ள டிரையரின் தாள்களுள், அவர் எடுக்காமலே போன படத்துக்கானவையும் உண்டு. 1949 முதல் தம் இறுதிக்காலம் வரை இயேசுவைப் பற்றி ஒரு படம் எடுக்க அவர் முயன்றார். அதற்கென்று எபிரேயம் கற்றார். இயேசுவை முழு யூதராகக் காட்டவேண்டும், சிலுவைத் தண்டனையின் பொறுப்பை யூத மக்கள்மீது சுமத்தும் பழைய பழியை நீக்கவேண்டும் என்பது அவர் நோக்கம். நாத்சிகள் தம் நகரத்தில் இருந்ததைக் கண்டவரின் நோக்கம் அது. பணம் கிடைக்கவில்லை, கிடைக்கும்போல் இருந்த நேரத்தில் அவர் இறந்துபோனார். திரைக்கதை மட்டும் நூலாக வெளிவந்தது.

இப்படத்தை இறையியல் மாணவருக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டொன்று சொல்லத் தோன்றுகிறது. முன்னுரை வேண்டாம், குருண்ட்விக் யார், உள்நாட்டு மிஷன் எது என்பதை ஐந்து நிமிடத்தில் சொன்னால் போதும். எழுத்துப்பெயர்ப்பை ஒருவர் உரக்கப் படிப்பது தவறு. இப்படத்தின் அமைதியும் சுவர்க்கடிகாரத்தின் ஓசையும் அதன் பேச்சைவிட முக்கியமானவை. இங்கர் இறந்ததும் அக்கடிகாரம் நிறுத்தப்படுகிறது. கடைசியில் ஆண்டர்ஸ் போய் அதை மீண்டும் ஓடவிடுகிறான். கலந்துரையாடலை அன்றே வைக்காமல் மறுநாள் வைப்பது நலம். தொடங்கும்போது அற்புதம் நடக்கக்கூடியதா என்று கேட்கவேண்டாம். அதற்கு அனைவரிடமும் ஆயத்தமான விடை இருக்கும். அந்தப் போதகரின் இடத்தில் இருந்தால் சவப்பெட்டியண்டை என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்கலாம்.